சுவருக்குள் தேங்கும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொப்பூர் கணவாய்ச் சாலைச் சீரமைப்பு பற்றிய செய்தி கண்டேன். அதையொட்டி, சாலைகளைத் தாங்கும் சுவர்களைப் பற்றி ஒரு கவலை. இப்போது மேம்பால அணுகுசாலைகளைத் தாங்குபவை பெரும்பாலும், மண்ணுக்குள் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை வலைகளை அடுக்கடுக்காக விரித்துக் கட்டும் சுவர்களே. 100 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைப்பது வழக்கம். பாரத்தில் வலை மெல்ல நீளும் என்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். சரி, வலை தாங்கும். களிமண் கலந்த மண்ணைக் கொட்டி, வடிகாலையும் அடைபட விட்டால்? தேங்கும் தண்ணீர் சுவரை வெளியே தள்ளும்.

கிருஷ்ணகிரி அருகே நான் தினமும் கடக்கும் பாலத்தின் அணுகுசாலையில், மழை விட்டு இரண்டு நாளாகியும் சுவரின் முகப்பிலுள்ள கான்கிரீட் பலகை இடுக்குகளில் செம்மண் நீர் கசிந்தது; ஒரு பலகை விரலளவு பிதுங்கியிருந்தது. மேலே புதுத் தார் மட்டும் போட்டார்கள்! பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் வடிகாலைச் சோதித்து, பலகைகளின் சாய்வை அளந்து, அந்த அளவுகளை வெளியிட வேண்டும்.

— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி