கோத்தகிரியிலிருந்து சண்முகத்துக்கு

கோத்தகிரி
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலையில் இருந்தவரை ஊரார் கடிதத்தையெல்லாம் நேரத்துக்குச் சேர்த்தவன், தன் பதிலை மட்டும் இழுத்தடிக்கிறான் என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். இங்கே விடாத மழை. என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பச்சைத் தேயிலைக்கு விலை வழக்கம்போல இல்லை. அதைப் பற்றி எழுதினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும், விடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டு நாய்க்கெல்லாம் கட்டாயமாகக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று சட்டம் வரப்போகிறதாம், அப்பா காலத்திலிருந்து காப்பாற்றி வந்த ராஜபாளையம் நாய் வம்சம் என் காலத்தில் அறுந்துபோகுமா என்று எழுதியிருந்தாய். டீக்கடைப் பேச்சை அப்படியே நம்பாதே. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் முதலில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பத்துப் பன்னிரண்டு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ஆபரேஷன் செய்து வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, வெறி பிடித்ததையும் கடிக்கிற குணமுள்ளதையும் தவிர மற்றதைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அது தெருநாய் விவகாரம். வீட்டு நாயைப் பற்றி மத்திய அரசின் 2001 நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதியிலேயே ஒரு வரி உண்டு: இனப்பெருக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது, ஊசி, கருத்தடை, லைசென்சு எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. 2023இல் அந்த விதியைப் புதிதாக எழுதியபோதும் வளர்ப்பவரின் கருத்தடைப் பொறுப்பைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். உன் வாசலில் யாரும் கத்தியோடு வந்து நிற்கப் போவதில்லை.

ஆனால் உன்னைச் சமாதானப்படுத்த மட்டும் இதை எழுதவில்லை. இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

எங்கள் நாய் செம்பியை உனக்குத் தெரியும். போன தடவை வந்தபோது உன் செருப்பைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினாளே, அவள்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வருவாள். வந்தால் போதும், மார்கழி மாசத்து நாய்க் கூட்டம் என்பார்களே, அதைப் போல ஜக்கனாரைப் பக்கத்துக் கடுவன்களெல்லாம் எங்கள் வேலியோரம்தான். கட்டித்தான் வைத்தேன். கயிற்றைக் கடித்துவிட்டுப் போனாள். சரியாக இரண்டு மாதத்தில், விறகுக் கொட்டகையில் ஆறு குட்டி. இரண்டு கடுவன், நான்கு பொட்டை. கடுவன் இரண்டையும் ஆட்கள் உடனே கேட்டு வாங்கிப் போனார்கள். பொட்டைக்கு யாரும் வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, பொட்டைக் குட்டியை எவன் கேட்பான்?

ஒரு நாள் சாயங்காலம் தேயிலைக் கொழுந்து போடுகிற சாக்கில் அந்த நான்கையும் போட்டு, கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தேன். யாராவது சோறு போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி நடந்தபோது ஒன்று என் பின்னாலேயே வந்தது. மூன்று முறை தூக்கிக்கொண்டு போய் விட்டேன். நாலாவது முறை அது வரவில்லை. என்ன ஆனது என்று நான் போய்ப் பார்க்கவும் இல்லை. அடுத்த மாதம் அந்த லைன் வீடுகளில் சிறுத்தை வருகிறது என்று பேச்சு எழுந்தது. குழந்தைகளைச் சாயங்காலம் வெளியே விடப் பயந்தார்கள். நாய் இருக்கிற இடத்துக்குச் சிறுத்தை வரும் என்பது மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். அந்தத் தீனியை ஒரு சாக்கில் கொண்டுபோய்ப் போட்டவன் நான்.

கோயம்புத்தூரில் இருக்கிற மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கட்டாயச் சட்டம் வேண்டும் என்கிற கட்சி. "அப்பா, உங்களை மாதிரி நல்லவர்களே சாக்கைத் தூக்கினால் மற்றவர்களை என்ன சொல்வது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

அதன் பிறகு மாட்டு டாக்டர்தான் நாய்க் கருத்தடை முகாம் தேதியைச் சொன்னார். செம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். வலது விலாவுக்குக் கீழே மயிரை மழித்து, இரண்டு விரல் அளவுக்கு ஒரு வெட்டு. கர்ப்பப்பையும் சினைப்பையும் அதன் வழியாகவே வெளியே வந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சின்னப்பெண் டாக்டரின் கை அவ்வளவு சுத்தம். இந்தியா முழுவதிலிருந்தும் டாக்டர்கள் இந்த ஆபரேஷனைப் பழகுவதற்கென்றே நம் மாவட்டத்துக்கு வருகிறார்கள் தெரியுமா? ஊட்டியில் டபிள்யூ.வி.எஸ். என்று ஒரு கால்நடை மருத்துவ அமைப்பு பயிற்சி மையம் நடத்துகிறது. மயக்கம் தெளியும்போதுதான் செம்பி சிரமப்பட்டாள். குளிரில் உடம்பு விறைத்து நடுங்கியது. என் வீட்டுக்காரி தன் பழைய ஸ்வெட்டரை அவளுக்குச் சுற்றி, பாட்டிலில் வெந்நீர் ஊற்றி வயிற்றோரம் வைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். என் காய்ச்சலுக்கு அப்படி உட்கார்ந்ததாக நினைவில்லை.

தெருநாய்க்குக் காதில் ஒரு முக்கோணம் வெட்டி அடையாளம் வைப்பார்கள், திரும்பப் பிடிக்காமல் இருக்க. வீட்டு நாய்தானே, வேண்டாமா என்று கேட்டார்கள். வெட்டிவிடுங்கள் என்றேன். கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓடுகிற கழுதைக்கு அதுவும் ஒரு பாதுகாப்பு.

இத்தனைக்குப் பிறகும் மகள் கேட்கிற சட்டம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் 2008இலேயே நாலு மாதம் தாண்டிய நாய், பூனைக்கெல்லாம் ஆபரேஷன் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். இனவிருத்திக்குப் பர்மிட் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே இந்தக் கட்டாயத்தை ஆதரிக்கவில்லை. கட்டாயம் என்றால் ஆட்கள் லைசென்சு வாங்காமல் ஒளிவார்கள், வெறிநாய் ஊசிக்குக்கூட டாக்டரிடம் போக மாட்டார்கள் என்பது அவர்கள் சொல்கிற காரணங்களில் ஒன்று. தபால் ஆபீசில் ரேடியோவுக்கு லைசென்சு பணம் கட்ட வந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்களே, அப்போதும் கட்டியவன் ஒழுங்காகக் கட்டுகிறவன் மட்டும்தான். சாக்கைத் தூக்குகிறவன் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டான். நார்வேயில் நேர் எதிர். காரணமில்லாமல் வீட்டு நாய்க்கு இந்த ஆபரேஷன் செய்யவே கூடாது என்பது அங்கே சட்டம். ஆனாலும் தெருவில் நாய்க் கூட்டம் இல்லை, ஏனென்றால் நாயை யாரும் திரிய விடுவதில்லை.

வெறிநாய் ஊசி விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். சின்ன வயசில் அப்பாவை நாய் கடித்து, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு அவரோடு போனேன். 1907இல் தொடங்கியது அது, இந்த ஒரு நோய்க்காகவே. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. தினமும் பஸ்ஸில் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்து வருவார். அப்புறம் எங்கள் தபால்காரர்களை நாய் கடித்த கதைகளைச் சொன்னால் இன்னொரு கடிதம் வேண்டும். நாயை ஒளிக்கவைக்கிற எந்தச் சட்டமும் இந்த ஊசியைத் தள்ளிப் போடும். அதுதான் என் கவலை.

இப்போது உன் பங்கு. "எங்கள் நாய், எங்கள் இஷ்டம்" என்று எழுதியிருந்தாயே, அதையும் நான் ஏற்கவில்லை. 2005இல் உங்கள் ஊர் நாய்க்குத் தபால்தலை வந்தபோது கவுன்ட்டரில் உட்கார்ந்து விற்றவன் நான், உனக்கு ஒரு ஷீட் அனுப்பியதும் நான். அந்த இனம் போகக் கூடாது, சரி. ஆனால் நாய் இனவிருத்திக்கான 2017 விதிப்படி இனவிருத்தி செய்து விற்கிறவர் பதிவு செய்ய வேண்டும். நீ செய்திருக்கிறாயா? பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன என்று நீயே ஒரு தடவை சொன்னாய். அந்தக் குட்டிகளை என்ன செய்கிறாய் என்று மட்டும் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாக்கைப் பற்றி நான் சொல்லிவிட்டேன்.

நீ வைத்துக்கொள்ளாமல் வெளியே கொடுக்கிற கடுவன்களுக்கு வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல். ஆனால் குட்டியிலேயே செய்யச் சொல்லாதே. கலிஃபோர்னியாவில் 759 கோல்டன் ரிட்ரீவர் நாய்களின் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள்: ஒரு வயசுக்குள் செய்த கடுவன்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டு மடங்கு. உன் நாய்களும் அதைவிட உயரம். ஒன்றரை வயசாவது ஆகட்டும். உன் கிழட்டுப் பொட்டை இனி ஈனப் போவதில்லை என்றால் அவளுக்குச் செய்துவிடு. வயசான பொட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும்.

அடுத்த ஈத்தில் எனக்கு ஒரு குட்டி தருவதாக எழுதியிருந்தாய். இந்தக் குளிரில் அந்தக் குட்டை மயிர் தாங்காது, சிறுத்தைக்கும் வெள்ளை நிறம் இருட்டில் நன்றாகத் தெரியும். வேண்டாம். ஆனால் காது கேட்காத குட்டி ஒன்று உன்னிடம் இருந்தால் சொல். ராத்திரி வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும். என் வீட்டுக்காரியிடம் ஸ்வெட்டர் இன்னும் ஒன்று இருக்கிறது.

மழை விட்டதும் வா. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் போன் செய்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ போதும், டாக்டர் எனக்குச் சர்க்கரை என்கிறார். செம்பிக்கு வர்க்கி நான் வாங்கி வைக்கிறேன், உன் செருப்பை மட்டும் உள்ளே கழற்று.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
ராமு