குடிக்காத தண்ணீருக்குப் பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடிநீர்க் கட்டணம் வசூலாகவில்லை என்று கடந்த செவ்வாய்க்கிழமை மாவட்டப் பக்கத்தில் செய்தி போட்டிருந்தீர்கள். 'கடலோரக் கிராம மக்கள் தண்ணீரைப் பயன்படுத்திவிட்டுப் பணம் கட்ட முன்வருவதில்லை' என்று அதில் ஒரு வரி. இருபது வருடமாக உங்கள் பேப்பர் வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நாங்கள் இருப்பது சாயல்குடிக்குக் கிழக்கே, கடலோரத்தில். எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் புஸ்ஸென்று காற்று வரும். அப்புறம் துரு நிறத்தில் ஒரு செம்புத் தண்ணீர். அவ்வளவுதான். மாதத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஒழுங்காக வந்தால் உண்டு. இதற்கு மாதம் 50 ரூபாய் வீதம் நான்கு வருடப் பாக்கி 2,400 ரூபாய் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. லாரித் தண்ணீர் குடம் 10 ரூபாய். ஒரு நாளைக்கு நான்கு குடம் என்றால் மாதம் 1,200 ரூபாய். அதைக் கடன் சொல்லாமல் கையில் கொடுக்கிறோம். நாங்களா 50 ரூபாய்க்கு ஏமாற்றுவோம்?

என் மாமியார் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்தவர். நல்ல தண்ணீர் மேலாக்கத்தான் நிற்கும், ஆழம் போனால் உப்பு ஏறிவிடும் என்று கையை அளவாக வைப்பார். சுற்றிலும் போர் போட்டு மோட்டாரில் இழுத்த பிறகு அந்த ஊற்றும் கரிக்கிறது. ஊருணிக்கு வரத்துக்கால் அடைபட்டுப் பல வருடம் ஆயிற்று. 2009-இல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நம் மாவட்டத்துக்கு வந்தபோது எங்கள் தெருக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு அதிகாரியை எங்கள் மாவட்டத்துக்கு மாற்றினால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' என்றுதான் எழுதுகிறீர்கள். அந்தக் காட்டில்தான் நாங்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறோம்.

அதே நோட்டீஸில், மழைநீர் சேகரிப்பு இல்லாத வீடுகளுக்கு இணைப்பைத் துண்டிப்போம் என்றும் இருக்கிறது. 2003-இல் சட்டம் வந்ததுமே என் வீட்டுக்காரர் கூரையிலிருந்து பைப் இறக்கிக் குழி தோண்டினார். நாலடியில் உப்புத் தண்ணீர் ஊறி நின்றது. ஜல்லி, மணல் கொட்டி மூடினோம். அதில் இறங்கிய மழை ஒரு குடம்கூட எங்களுக்குத் திரும்பி வரவில்லை. மதுரைக்குச் சரியான குழி எங்கள் மண்ணுக்கு ஆகாது. இங்கே வேண்டியது மூடி போட்ட தொட்டி. 500 சதுர அடிக் கூரையில் ஐப்பசி, கார்த்திகையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 4,500 லிட்டர். எங்கள் கணக்கில் 300 குடம். அதைப் பிடித்து வைக்கத் தொட்டி கட்ட எங்களிடம் காசில்லை. குழி இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள், தொட்டிக்கு மானியம் உண்டா என்று நாங்கள் கேட்டால் பதில் சொல்வதில்லை.

ஐயா, அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். தண்ணீர் திறந்துவிடும் நாளையும் நேரத்தையும் கேட்டு வாங்கி, மாவட்டப் பக்கத்தில் ஒரு மூலையில் வெளியிட்டால் போதும். வராத தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.