முதலில் கையில் ஒரு கட்டையைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பொறியியல் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் முதலாண்டு ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன் எழுதுகிறேன். கட்டைகளை வெட்டியும் திருப்பியும் உருவங்களைப் பழகும் மாடல் வகுப்பு மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். 'கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு உருவத்தை மனதில் திருப்பிப் பார்க்கும் அந்தக் கண் கிடையாது' என்று சொன்னது யார் என்பது உங்களுக்கே தெரியும்.

என் பழைய மாணவி, உங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளை, இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்ற பொறியியல் வரைபடப் பாடத்தில் மூன்றாம் முறையும் அரியர் வைத்துவிட்டு என் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வரைய வேண்டிய ஸ்டெப்பெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தாள். உருவம் மட்டும் கண்ணுக்குள் வரவில்லை. ஒரு கேரட்டை அரிவாள்மனையில் சாய்வாக நறுக்கிக் கொடுத்தேன். வெட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "நீள்வட்டம் சார்" என்றாள். பிறகு அழுதாள். மூன்று முறை தேர்வுக் கட்டணம் கட்டியும் அவள் கண்ணில் படாத கேரட் அது.

படிக்கும் துறைக்கும் இந்தத் திறனுக்கும் தொடர்பில்லை என்று வாதாட வரவில்லை. அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பள்ளி மாணவர்களை 11 ஆண்டு கழித்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. உருவங்களை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்களே பொறியியல் பக்கம் அதிகம் போனார்கள் என்கிறது அது. ஆனால் இது தலையெழுத்து இல்லையே! அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் 1993-லேயே இதில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்குத் தனி வகுப்பு வைத்துக் கரையேற்றினார். 217 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரையும் பயிற்சியால் இது வளரும் என்கிறது. தாங்களோ பின்தங்கியவர்களை விட்டுவிட்டு முந்தியவர்களுக்கு வகுப்பு வைக்கிறீர்கள்.

நம் கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் ஒருவர் கல்லைப் பார்த்ததுமே எத்தனை பலகை தேறும் என்று சொல்கிறாரே, அவர் எந்த டிபார்ட்மென்ட்? பள்ளியில் என் ஓவியப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடனாக வாங்கிப் போவார். ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. அதன் வட்டியைத்தான் இந்தப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: டிராஃப்டர் என்ற வரைகருவியைத் தொடும் முன் எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் இரண்டு வாரம் கையில் கட்டையைக் கொடுங்கள். வெட்டட்டும், திருப்பிப் பார்க்கட்டும். செலவு அதிகம் என்றால், என் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகள் இருக்கின்றன. ஆளனுப்பினால் தருகிறேன், அவளுக்கு அடுத்த தேர்வு வருவதற்குள் அனுப்பினால் நல்லது.

பணிவுடன்,
ஓர் ஓவிய ஆசிரியன்