பெயின்ற் ரிமூவர் இனி ஏன் எங்கள் கடையில் இல்லை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ரிமூவர் இருக்கா?" என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களில் சிலருக்கு எங்கள்மேல் கோபம். பழைய பெயின்றை உரிக்கும், மெதிலீன் குளோரைட் என்ற இரசாயனம் கலந்த ரிமூவரை நிறுத்திவிட்டோம். மறுபடி எடுக்கும் எண்ணமும் இல்லை. பூசிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் பழைய எனாமல் கொப்பளித்துத் தோலாக உரியும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது ஆளையும் விழுத்தும்.

அமெரிக்காவில் 1980 முதல் 2018 வரை இதனால் இறந்த 85 பேரை ஒரு மருத்துவ ஆய்வு கணக்கெடுத்திருக்கிறது. பெரும்பாலானோர் வேலைத்தலத்தில் இறந்தவர்கள். குளியல் தொட்டிக்குப் புதுப்பூச்சுப் போடப் போனவர்கள் மட்டும் 2000க்கும் 2011க்கும் இடையில் 13 பேர். வீட்டுப் பாவனைக்கு விற்பதை அந்த நாடு 2019 இல் தடைசெய்தது. ஐரோப்பா அதற்கு முன்னரே முந்திக்கொண்டது.

திருகோணமலையில் குளியல் தொட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்பீர்கள். படகின் அடித்தட்டு இருக்கிறதே! ஜன்னல் இல்லாத குளியலறையும் தண்ணீர்த் தாங்கியும் இருக்கின்றன. இதன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம். மேலே போகாது, குழியில் தங்கும். குனிந்து சுரண்டுபவரின் மூக்கும் அங்கேதான். 40 பாகைக்கே கொதிக்கிற திரவம். கச்சான் வீசும் மாதங்களில், புழுதிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தால் அறை எப்படி நிரம்பும் என்று நீங்களே யோசியுங்கள்.

முதலில் தலை சுற்றும், வெறி ஏறியதுபோல இருக்கும், பிறகு மயக்கம். உடலுக்குள் போனபின் அது கார்பன் மொனொக்சைட்டாகவும் மாறுகிறது. அதனால் வெளியே வந்த பிறகும் சில மணித்தியாலங்களுக்கு இரத்தத்தில் அதன் அளவு கூடிக்கொண்டே போகலாம். இதய நோயாளிக்கு இது பேராபத்து. "இனிப்பு மணம்தானே, எளிதில் தீயும் பிடிக்காது" என்று நம்பிக் கெட்டவர்கள் உண்டு. துணியும் கொரோனா மாஸ்க்கும் ஆவியைத் தடுக்கா. கரி வைத்த மாஸ்க்கும் இதற்கு வெகு சீக்கிரம் பயனற்றுப் போகும்.

விழுந்தவரைத் தூக்க உள்ளே பாய்ந்தவரும் விழுவார். கதவு, ஜன்னலை வெளியிலிருந்து திறந்துவிட்டு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது பென்சைல் அல்கஹோல் சேர்ந்த ரிமூவர். விலை கூட, இரவு முழுக்க ஊற வேண்டும், பெயின்ற் வேலை செய்யும் பாஸ்மாருக்குப் பொறுமை போகும். இதற்கும் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். சின்ன வேலைக்குத் தண்ணீர் தொட்டு எமரித்தாளால் தேய்ப்பதே போதும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், ஆதலால் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம்.

பெயின்றைக் கரைக்கும் என்சி தின்னர் வழக்கம்போல் கிடைக்கும். ஆனால் சோடாப் போத்தலில் ஊற்றித் தரமாட்டோம், போத்தல் கொண்டுவந்தாலும் மாட்டோம். தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளை எடுத்துக் குடித்தால் யார் பதில் சொல்வது?

வீட்டில் பழைய ரிமூவர் மிச்சம் கிடந்தால் கானிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். தண்ணீரைவிடப் பாரமானது, மண்ணுக்குள் இறங்கிவிடும். மூடியை இறுக்கிக் கடைக்குக் கொண்டுவாருங்கள். எங்களிடம் வாங்கிய திறக்காத ரின்னுக்குப் பற்றுச்சீட்டுக் காட்டினால் முழுப்பணமும் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்
திருகோணமலை