கொழும்பில் ஹெட்போனும் அம்ப்ளிபயரும் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடை உரிமையாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில், கரையோர ரயில் பாதைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒரு மாடி வீட்டில் வசிக்கிறேன். ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் பஸ் ஹோர்ன், தலைக்கு மேலே ஓயாமல் சுழலும் மின்விசிறி. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது. இப்படியொரு வீட்டில் தம்புராவின் சுருதியைக் கேட்க ஆசைப்படுகிறவருக்குப் பின்புறம் திறந்த ஹெட்போன் எவ்வளவு உயர்ந்ததானாலும் உதவாது. ஆகையால் இந்நகரத்தில் எங்களைப் போன்றவர்கள் மூடிய வகை ஹெட்போனை, அதாவது நீங்கள் குளோஸ்ட்-பேக் என்று விற்பதை, தேவை கருதியே வாங்குகிறோம். அதனை எந்த அம்ப்ளிபயருடன் சேர்த்து விற்கிறீர்கள், சேர்க்குமுன் எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்பது பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இரண்டு வருடச் சேமிப்பைக் கொண்டு 35 ஓம் மின்தடை அளவுள்ள மூடிய ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். விற்றவர் மரியாதையாகவே பழகினார். ஆனால், "இந்த விலைக்கு ஹெட்போன் வாங்கிவிட்டு இதைச் சின்ன அம்ப்ளிபயரில் போடலாமா?" என்று கேட்டு, வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் இல்லாத வால்வு அம்ப்ளிபயர் ஒன்றையும் சேர்த்து என் தலையில் கட்டினார். இரவில் அதன் வால்வுகள் செம்மஞ்சளாக எரிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கேட்கத்தான் முடியவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம், ஒவ்வோர் அடிக்கும் வீங்கி, அடுத்த அடி விழும்வரை அடங்காமல் நின்றது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டேன். வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடுகள் உதிர்க்கும் தாளச் சொற்கள் எல்லாம் தொப்பியின் முழக்கத்துக்குள் புதைந்து போயின. திரும்பிப் போய்ச் சொன்னபோது, இருநூறு மணி நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஓடவிட்டேன். மறுபடியும் போனபோது, திருப்பி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள்.

கடைசியில் விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன், தன் கைத்தொலைபேசியில் சொருகும் குட்டி அம்ப்ளிபயரான விரல் நீள டொங்கிள் ஒன்றை எடுத்து அதே ஹெட்போனை அதில் இணைத்தார். தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகப் பிரிந்து, அடித்த இடத்திலேயே அடித்து நின்றன. அன்றிரவு விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியை விடக் கோபமே அதிகமாக இருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த வால்வு அம்ப்ளிபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அதன் வெளியீடு காட்டும் தடை, 120 ஓம். முன்னொரு காலத்தில் அந்த அளவு ஒன்றும் விசித்திரமானதல்ல. 1996இல் வந்த, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் ஐஈசி 61938 நியமமே ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓமைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் இயங்குசுருள் வகை ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. கீழ்ச்சுருதியில், அதன் இயல்பான ஒத்ததிர்வு விழும் இடத்தில், அது மேடுபோல் உயரும். 35 ஓம் ஹெட்போன் ஒன்று அந்த இடத்தில் 100 ஓமுக்கு உயர்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், 120 ஓம் அம்ப்ளிபயர் அந்தக் கீழ்ச்சுருதிக்கு மற்றச் சுருதிகளைவிட இரு மடங்கு வோல்டேஜைக் கொடுக்கும். அதாவது 6 டெசிபெல் கூடுதல். 1 ஓம் அம்ப்ளிபயரில் அதே வேறுபாடு 0.2 டெசிபெல்லைக்கூட எட்டாது. நான் இரண்டு மாதம் கேட்ட வீக்கம் இதுதான். அம்ப்ளிபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்ற பொதுவிதியை விற்பனையாளர் ஒருவர் மனதில் வைத்திருந்தால், 35 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்கு மேற்பட்ட எதையும் அவர் நீட்டியிருக்க மாட்டார். அதே வால்வு அம்ப்ளிபயரை 300 ஓம் ஹெட்போன் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தால் வீக்கம் பெரிதும் குறைந்திருக்கும். மெல்லிய கதகதப்பு என்று அவர் விரும்பியும் இருக்கலாம். ஆகவே அந்த அம்ப்ளிபயரைக் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு விற்றதுதான் தவறு.

உங்கள் கடைகளில் நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு வாக்கியம், "ஓம் கூடினால் பெரிய அம்ப்ளிபயர் வேண்டும்" என்பது. தயவுசெய்து மூன்று ஹெட்போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போக்கலின் ஸ்டெல்லியா 35 ஓம், உணர்திறன் (கொடுத்த மின்னுக்கு எழும் ஒலியளவு) 1 மில்லிவாட்டுக்கு 106 டெசிபெல். சென்ஹைசர் எச்டி 820 300 ஓம், 1 வோல்டுக்கு 103 டெசிபெல். டான் கிளார்க் ஓடியோவின் ஸ்டெல்த் 23 ஓம், 1 மில்லிவாட்டுக்குச் சுமார் 87 டெசிபெல். இசையின் உச்சம் 110 டெசிபெல்லைத் தொட வேண்டுமானால் ஸ்டெல்லியாவுக்கு 2.5 மில்லிவாட், அதாவது 0.3 வோல்ட் போதும். எச்டி 820க்கு 2.2 வோல்ட் வேண்டும், ஆனால் வலு 17 மில்லிவாட்தான். மூன்றிலும் குறைந்த ஓம் உடைய ஸ்டெல்த்தோ 200 மில்லிவாட் கேட்கிறது. அதற்கும் வேண்டிய வோல்டேஜ் எச்டி 820க்கு வேண்டிய அளவுதான். மின்னோட்டமோ 93 மில்லிஅம்பியர், எச்டி 820 கேட்பதைப் போல் பன்னிரண்டு மடங்கு. ஓமை மட்டும் பார்த்து விற்கிறவர் ஸ்டெல்த்தை டொங்கிளுடன் அனுப்பிவிடுவார்; விலையை மட்டும் பார்த்து விற்கிறவர் ஸ்டெல்லியாவை ஆறு வாட் இயந்திரத்துடன் அனுப்பிவிடுவார். ஸ்டெல்லியாவை வாங்கியவருக்குப் பாட்டு ஓய்ந்த இடமெல்லாம் இரைச்சல் கேட்கும். வொலியூம் திருகியைத் தொடக்க நிலையைத் தாண்டித் திருப்பவும் முடியாது, அந்த நிலையில் பல திருகிகள் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலியைச் சமமாகப் பிரிப்பதுமில்லை. ஸ்டெல்லியா 2019இல் வந்தபோது அதன் விலை 3,000 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் தீர்வைக்கு முன்னரே ஒன்பது இலட்சம் ரூபாவை எட்டும் தொகை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்தத் தொகையில் ஒரு பிழையைத் திருத்த இரண்டாம் தடவை வாங்கும் வசதி எங்களில் பலருக்கு இல்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எண்கள் பொருத்தத்தைச் சொல்லுமே தவிர விருப்பத்தைச் சொல்லா. மூடிய ஹெட்போனில் ஒலித்தகட்டின் பின்புறம் எழும் அலைக்கு வெளியேற வழியில்லை. கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அதையும், காதுப்பக்கம் தேங்கும் அலைகளையும் அடக்க ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைத் தேடியிருக்கிறது. எச்டி 820இல் உட்குழிந்த கண்ணாடி, டெனோன் ஏஎச்-டி9200இல் மூங்கில் கிண்ணம், ஸ்டெல்த்தில் ஒலித்தகட்டுக்கும் காதுக்கும் இடையே நுண்துளைகள் கொண்ட ஒரு தட்டு. நான் கேட்ட அளவில், வாய்ப்பாட்டில் குரலின் நடுப்பகுதியை ஒப்பனையின்றித் தருவதில் ஸ்டெல்த்துக்கு இணை இல்லை. தவிலின் உயிர்ப்புக்கும் நாதஸ்வரத்தின் சீவாளி நுனியில் பிறக்கும் அந்தக் கூர்மைக்கும் ஸ்டெல்லியாவையே தெரிவுசெய்வேன். சோனி எம்டிஆர்-இசட்1ஆரின் கீழ்ச்சுருதி தாராளமானது, தாளவாத்தியக் கச்சேரிக்கு எனக்கு அது கொஞ்சம் கூடிப்போகிறது. எச்டி 820 மேடையை விரித்துக் காட்டுகிறது. ஆனால் நான் மூக்குக்கண்ணாடி அணிபவன், அதன் காம்பு மெத்தையைச் சற்றுத் தூக்கியதும் கீழ்ச்சுருதி கசிந்துவிடுகிறது. இந்தக் கடைசிக் குறையை எந்த அம்ப்ளிபயராலும் நிரப்ப முடியாது. கண்ணாடியோடு பத்து நிமிடம் அணிந்து பார்க்க ஒருவரை விட்டால் போதும், அவரே கண்டுபிடித்துவிடுவார்.

ஆதலால் உங்களிடம் வேண்டுவது இதுதான். விலைச்சீட்டில் ஹெட்போனின் இம்பீடன்ஸையும் உணர்திறனையும், அம்ப்ளிபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸையும், 32 ஓமிலும் 300 ஓமிலும் அது தரும் வலுவையும் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறுங்கள்; நாங்கள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் பதில் விரைவாக வரும். அடுத்ததாக, கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறையை ஒதுக்கி, எங்கள் கைத்தொலைபேசியையும் எங்கள் பாட்டையும் கொண்டுவந்து அரைமணி நேரம் கேட்க விடுங்கள். இரண்டு அம்ப்ளிபயர்களை ஒப்பிடும்போது ஒலியளவைக் காதால் மட்டுப்பிடிக்க வேண்டாம். ஒரு டெசிபெல் சத்தம் கூடினாலே அது தெளிவு என்று காது ஏமாறும்; விலை கூடிய இயந்திரம் ஒவ்வொரு முறையும் வெல்வதற்கு இது ஒன்றே போதும். 1,000 ஹேர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனை இணைத்தபடியே வெளியீட்டை மல்டிமீற்றரால் அளந்து, இரண்டிலும் ஒரே வோல்டேஜை வைத்துவிட்டு எங்களைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி இரு கம்பிகள் செல்லும் 4.4 மில்லிமீற்றர் பலன்ஸ்ட் இணைப்பையும் இப்படியே காட்டுங்கள். அதில் வோல்டேஜ் பொதுவாக இரட்டிப்பாவதால்தான் முதலில் கேட்டவுடன் பிரமிப்பு ஏற்படுகிறது.

இவற்றோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கடற்காற்றிலும் வியர்வையிலும் செயற்கைத் தோல் மெத்தைகள் இங்கே சீக்கிரம் உரியும். ஆகவே ஹெட்போன் விற்கிறவர் மாற்று மெத்தையையும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் அம்ப்ளிபயர் எங்கள் 230 வோல்டுக்கு மாற்றப்பட்டதா என்பதை விற்குமுன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

இதே நகரத்தில் 1925இல் ஒலிபரப்பு தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்பதற்காகத் தமிழ்நாட்டில் வீடு வீடாக வானொலிப் பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். காதால் பழகிய ஊர் இது. இங்கே வாடிக்கையாளருக்குக் கேட்கத் தெரியாது என்று எண்ணி விற்க வேண்டியதில்லை.

உங்களில் எவரேனும் அப்படி ஒரு அறையை ஒதுக்கினால், அடுத்த சனிக்கிழமையே வருகிறேன். என் 35 ஓம் ஹெட்போனையும், அந்த வால்வு அம்ப்ளிபயரையும், டொங்கிளையும், தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவையும் கொண்டுவருவேன். மல்டிமீற்றரும் என்னிடமே இருக்கிறது. உங்கள் விற்பனையாளர்கள் எல்லோரும் ஒருமுறை தங்கள் காதாலேயே அந்த வித்தியாசத்தைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து
உங்கள் வாடிக்கையாளன்