கியூஆர் அட்டையை ஒட்டச் சொன்னதும் அரசுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அல்சூரில் எங்கள் தெருவில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நோட்டீஸே வராத கடைகளில்கூட கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். சில கடைகளில் அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

யுபிஐ வழியாகக் கணக்கில் வந்த பணத்தை 2021-22 முதல் கூட்டிப் பார்த்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவர் 20 லட்சம் ரூபாய் விற்பனை தாண்டினால் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதில் தப்பில்லை. ஆனால் 40 லட்சம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 11,000 ரூபாய். பால் பாக்கெட், பிரெட், சிகரெட் விற்கும் முக்குக் கடையில் அவ்வளவு பணம் கைமாறும். கையில் நிற்பது சொற்பம். இதில் பாலுக்கு வரியே கிடையாது. சாப்பாட்டுக் கடை சேவைக் கணக்கில் வருவதால் எல்லை 20 லட்சம்தான். ஒரு தட்டு இட்லி 40 ரூபாய் என்றால், தினம் 140 பேர் சாப்பிட்டாலே தாண்டிவிடும்.

போதாததற்கு, ஃபோனில் வருவதெல்லாம் விற்ற காசும் இல்லை. சீட்டு எடுத்த பணம், கொடுத்த கைமாற்று, ஊரிலிருந்து அண்ணன் அனுப்புவது எல்லாம் அதே நம்பருக்குத்தான் வருகிறது. எது எதற்கு வந்தது என்று எழுதிவைக்க இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எனக்கு ஆற்றாமை இங்கேதான். 2020-இல் பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் கொடுத்தபோது, டிஜிட்டலில் பணம் வாங்கினால் கேஷ்பேக் உண்டு என்றும் அரசு சொன்னது. அன்றைக்கே வரி விவரத்தையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாமே! ஆண்டுக்கு 1.5 கோடி வரை விற்பவர் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால், விற்பனையில் பொருளுக்கு 1 சதவீதம், சாப்பாட்டுக் கடைக்கு 5 சதவீதம் கட்டினால் போதும். இப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்த அமளிக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நோட்டீஸுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டியது, மத்திய அமைச்சர் மாநிலத்தைக் கைகாட்டினார். கடைசியில் முதல்வர் சித்தராமையா பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்றார், வியாபாரிகள் அறிவித்திருந்த கடையடைப்பு கைவிடப்பட்டது. சரி, நல்லது. அதோடு விட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

ரொக்கத்துக்குத் திரும்பியவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ரொக்க விற்பனையும் அதே 40 லட்சக் கணக்கில்தான் சேரும். அட்டையைக் கழற்றுவதால் எதுவும் மாறாது. அதைவிட முக்கியம், தினம் இவ்வளவு விற்கிறேன் என்று வங்கியில் காட்ட ஒரு பூக்காரம்மாவிடம் ஃபோனில் இருக்கும் அந்த வரவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதுவும் போனால் மறுபடி மீட்டர் வட்டிக்காரர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் மாதம் ஒரு நாளாவது ஒரு கணக்காளரை உட்காரவைத்து, கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் துறை விளக்க வேண்டும். எதைக் குறித்துவைப்பது, எப்போது பதிவு செய்வது என்று நீங்களும் ஒரு பக்கம் வெளியிடுங்கள். நகலெடுத்து எங்கள் தெருக் கடைகளில் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு