பீட்ரூட் கறை

லைப்சிக், ஜெர்மனி,
டிசம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் தம்பியும் எப்படி இருக்கீங்க? தினமும்தான் வீடியோவுல பாக்கறோமே, இப்ப எதுக்குடி லெட்டருன்னு கேப்ப. போன்ல நான் என்ன ஆரம்பிச்சாலும் "சாப்பிட்டியா"ன்னு கேட்டு பேச்சை மாத்திடற. இதுல அப்படி மாத்த முடியாதில்ல.

இங்க சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. ஏற்காட்டுக் குளிரையே பெருசா பேசுவோமே, அது இதுக்குப் பேத்தி. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. வந்த புதுசுல இவங்களுக்கு மனசே கிடையாதோன்னு நெனச்சேன். நான் வேலை பாக்கற முதியோர் இல்லத்துல ஒரு தாத்தாவோட மகன், நீ பேசற ஜெர்மன் புரியல, வேற ஆளை வரச் சொல்லுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. பாத்ரூம்ல போய் அழுதேன். உங்கிட்ட சொல்லல. உன் பொண்ணுதானே நான்.

அப்புறம் ஒரு நாள் ஒண்ணு கவனிச்சேன். நம்மூர்ல சோடா பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குவாங்கல்ல, அந்த மாதிரி இங்க தண்ணி பாட்டில், டின்னுக்கெல்லாம் 25 சென்ட். நம்ம காசுக்கு இருபது ரூபாய்க்கு மேல. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். காலி பாட்டிலைக் கடையில இருக்கற மெஷின்ல போட்டா அந்தக் காசு திரும்ப வரும். வருமானம் பத்தாத வயசானவங்க சிலர் அதுக்காகக் குப்பைத்தொட்டியைக் கிளறுவாங்க. அதனால இந்த ஊர்க்காரங்க நிறைய பேரு பாட்டிலை உள்ள போடாம, தொட்டிக்கு வெளியே, அடியில நிக்க வெச்சுட்டுப் போயிடறாங்க. எடுக்கறவங்க குப்பைக்குள்ள கை விட வேண்டாமேன்னு. வெச்சவங்களுக்கு எடுத்தவங்களத் தெரியாது. நன்றி சொல்லவும் வழி கிடையாது.

எனக்கு டக்குனு உன் ஞாபகம்தான். சேலம் குகையில நம்ம தட்டுவடை செட் வண்டியில எப்ப கண்ணாடி டம்ளர் உடைஞ்சாலும், கூட்டம் நிக்குதோ இல்லையோ, அதை நியூஸ் பேப்பர்ல நாலு சுத்து சுத்தி, நூல் கட்டித் தனியா ஓரமா வெப்ப. கார்ப்பரேஷன்காரங்க கையில குத்திடும்னு. "லூசு அம்மா"ன்னு நானே சொல்லியிருக்கேன்.

போன மாசம் எனக்குக் காய்ச்சல். மாத்திரையைப் போட்டுட்டு டியூட்டிக்குப் போயிட்டேன். கூட வேலை பாக்கற பெரிய நர்ஸம்மா நெத்தியில கை வெச்சுப் பாத்துட்டு, கோட்டை மாட்டு, வீட்டுக்குக் கிளம்புன்னு திட்டி அனுப்பிட்டாங்க. லீவு போட்டா வேலை போயிடுமோன்னு எனக்குக் கை நடுங்குது. இங்க உடம்பு சரியில்லன்னா 6 வாரம் வரைக்கும் முழுச் சம்பளம் குடுக்கணும்னு சட்டமே இருக்காம். அன்னிக்கு எனக்கு மட்டும்னு ஒரு ரசம் வெச்சேன். ஒருத்திக்கு எதுக்கு ரசம்னு அதுவரைக்கும் ராத்திரி நின்னுக்கிட்டே பிரெட்டைத் தின்னுட்டுப் படுத்துட்டு இருந்தேன். மிளகு நம்ம மலை மிளகு, நீ குடுத்து விட்டது. தட்டுல சோறு போட்டு, உக்காந்து சாப்பிட்டேன்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரம் முன்னாடி வீடியோவுல உன் விரல் சிவப்பா இருந்துச்சு. கேட்டதுக்கு பீட்ரூட் துருவின கறைன்னு சொன்ன. தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான். தட்டுவடை சுடறப்ப எண்ணெய் தெறிச்சு வெந்து போச்சு, அதே கையோட அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் தட்டுவடைக்கு நடுவுல காயும் சட்னியும் வெச்சு செட் போட்டிருக்க. அவனைத் திட்டாத, நான்தான் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டேன். கார்ப்பரேஷன்காரர் கைக்கு நாலு சுத்து பேப்பர் சுத்தற, உன் கைக்கு ஒரு துணி கூடச் சுத்தலியேம்மா. கோவம் கோவமா வந்துச்சு. அப்புறம் ரசம் வெக்காத என் மூணு மாசம் ஞாபகம் வந்துச்சு, கோவத்தை அடக்கிக்கிட்டேன்.

அதனால ஒண்ணு பண்ணு. இங்க ஞாயித்துக்கிழமை ஊர்ல முக்காவாசிக் கடை பூட்டிடுவாங்க. உனக்கு ஞாயிறுதான் வியாபாரம், அது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, வண்டியைத் தம்பி பாத்துக்கறேன்னு சொல்லிட்டான். சட்னி மட்டும் நீ அரைச்சு வெச்சுடு, அவன் உப்புல கோட்டை விட்டுடுவான். நீயும் எதிர் வீட்டு அக்காவும் புது பஸ் ஸ்டாண்டுல ஏற்காடு பஸ் ஏறுங்க. தினம் மொட்டை மாடியில துணி காயப் போடறப்ப அந்த மலையைப் பாக்கற, நான் ஆறாவது படிக்கறப்ப போனதோட சரி. 20 கொண்டை ஊசி வளைவு, உனக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் எடுத்துக்கோ, முன்னாடி சீட்டுல உக்காரு. இப்ப காப்பிப் பழம் சிவந்திருக்கும். ஏரிக்கரையில சும்மா உக்காந்துட்டு வா, எனக்குப் போட்டோ கூட அனுப்ப வேண்டாம்.

டப்பாவுல வழக்கம்போல மிச்சம் மீதி நொறுக்கலை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போகாத. உடையாத தட்டுவடையாப் பாத்து ஒரு செட் கட்டிக்கோ.

உன் மகள்